பக்கத்துப் பெயர்

ஏறுபடி நாட்டின் எல்லையில் கடல் இருப்பதாகச் சிலரும், காடு இருப்பதாகச் சிலரும் சொல்வார்கள். போய் வந்தவர்கள் யாரும் இல்லாததால் இரண்டுமே சரிதான். அதன் தலைநகரம் ஒரு குன்றின் மேல் இருந்தது. உச்சிக்கு எண்ணூறு படிகள். உச்சியில் அரண்மனையும் பெரிய மனிதர்களின் மாளிகைகளும் இருந்தன. மற்றவர்கள் எல்லோரும் அடிவாரத்தில் இருந்தார்கள்.

உச்சியில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. புகை பட்டால் அரண்மனைச் சுவர் கறுத்துவிடும் என்று முந்தைய மகாராஜா ஒருவர் போட்ட சட்டம் அது. ஆகவே மூன்று வேளைச் சாப்பாடும் அடிவாரத்தில் வெந்து, கூடையில் ஏறி, ஆட்களின் தலைமேல் உச்சிக்குப் போயிற்று. சுமப்பவர்கள் அறுநூறு பேர். மாதம் பிறந்தால் அரண்மனையிலிருந்து ஒரு மூட்டை நெல் வரும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், எலும்பு கூடும்வரை கஞ்சி ஊற்றுவார்கள். பெரிய வாழ்வு ஒன்றுமில்லை. ஆனாலும் அடுத்த மாதம் என்ன சாப்பிடுவோம் என்பது தெரிந்த வாழ்வு.

அந்த அறுநூறு பேரில் இருவர் ஒச்சப்பனும் சங்கிலியும். ஒச்சப்பனின் தங்கை பேச்சியைச் சங்கிலி கட்டியிருந்தான். ஒரே மண்சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள். இருவரும் சேர்ந்தே படியேறுவார்கள், சேர்ந்தே இறங்குவார்கள். ஒரு வீட்டில் மீன்குழம்பு என்றால் மறு வீட்டில் அன்று சோறு மட்டும்தான் வடிப்பார்கள்.

ஒரு நாள் பேரமைச்சர் நயவுரையார் பல்லக்கில் பாதிப் படிவரை இறங்கிவந்து, சுமப்பவர்கள் எல்லோரையும் கூட்டினார்.

"இன்றுமுதல் இந்நாட்டில் வேலையாள் என்ற இழிசொல் ஒழிக்கப்படுகிறது," என்றார். "நீங்கள் இனி யாருக்கும் வேலையாட்கள் அல்லர். மகாராஜா உன்னதசீலரின் பங்காளிகள்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கிழவர்கள் சிலர் அழுதார்கள். ஆரவாரம் அடங்கியதும் சங்கிலி கையைத் தூக்கினான்.

"சாமி, பங்காளின்னா நெல்லு எப்பிடி வரும்?"

அமைச்சர் புண்பட்டவர்போலப் பார்த்தார். "பங்காளிக்குப் பங்காளி கூலி கொடுப்பதா? உங்களை அப்படி அவமதிக்க மகாராஜாவுக்கு மனம் வராது. சுமைக்கு ஓர் ஆழாக்கு அரிசி. எத்தனை சுமை வேண்டுமானாலும் சுமக்கலாம். யார் உங்களைத் தடுப்பது?"

"ஓய்வு நாளு?"

"உங்கள் விருப்பம். வாரத்தில் ஏழு நாளும் ஓய்வெடுக்கலாம்."

"காலு ஒடஞ்சா?"

"அது பங்காளியின் சொந்தக் கால். அடுத்தவர் காலில் தலையிடும் பழக்கம் மகாராஜாவுக்கு இல்லை."

அதன் பிறகு அரண்மனைக் கூடைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பங்காளி என்பவன் சொந்தக் கூடை வைத்திருக்க வேண்டும் அல்லவா? நானூறாம் படியில் இருந்த சுமைதாங்கிக் கல்லையும் பெயர்த்து எடுத்தார்கள். தலைச்சுமையை இறக்கி மூச்சு வாங்க யாரோ எந்தக் காலத்திலோ நட்ட கல் அது. சுதந்திர மனிதன் தாங்கல் தேடுவது அழகல்ல என்று அரசாணை சொன்னது.

முதல் படியில் கருநீலத் திரை ஒன்றைக் கட்டினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிடும். பெயர் வந்தவன் சுமையை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். யாரைக் கூப்பிடும், எப்போது கூப்பிடும், ஏன் கூப்பிடும் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு, திரை எல்லோரையும் சமமாகப் பார்க்கிறது, அதற்குக் கண் கிடையாது என்று அமைச்சகம் பதில் சொன்னது.

அடுத்து வந்தது ஆவிச் சட்டம். சோற்றில் ஆவி அடங்குவதற்குள் சுமை உச்சி சேர வேண்டும். சேர்ந்தால் வீட்டுக்காரர் மகிழ்ந்து ஒரு மயிலிறகு கொடுப்பார். சேராவிட்டால் ஓர் இறகைப் பிடுங்கிக்கொள்வார். அதுபோக, திரை தன் இஷ்டத்துக்கும் இறகு வழங்கும். ஆண்கள் முண்டாசிலும் பெண்கள் கொண்டையிலும் இறகுகளைச் செருகிக்கொள்ள வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி செருக வேண்டும் என்று ஆணையிலேயே இருந்தது. இறகு கூடினால் திரை அடிக்கடி கூப்பிடும். குறைந்தால் மறந்துபோகும்.

முதல் மாதம் ஒச்சப்பனுக்குப் பதினோரு இறகு சேர்ந்தது. அவனுக்குச் சந்தோஷம்தான், சங்கிலிக்குப் பதினான்கு என்று தெரியும்வரை.

அதற்குமுன் அவன் எதையும் எண்ணிப் பார்த்தவன் இல்லை. இப்போது சங்கிலி முற்றத்தில் குளிக்கும்போது, கழற்றி வைத்த முண்டாசு சுவருக்கு மேலாகத் தெரியும். ஒச்சப்பன் வேப்பங்குச்சியை மென்றபடியே எண்ணுவான். பதினாறு. பத்தொன்பது. அந்தப் பச்சையும் நீலமும் வெயிலில் மினுங்கும்போது நெஞ்சுக்குழிக்குள் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதுபோல இருக்கும்.

"என்ன மாப்ள, இன்னைக்கும் மொதச் சுமை ஒனக்குத்தானா?" என்பான் சிரித்துக்கொண்டே.

"என்னமோ கூப்புடுறாக மச்சான். நானா கேக்குறேன்?" என்பான் சங்கிலி.

நானா கேக்குறேன் என்றானே, அதை ஒச்சப்பன் நாள் முழுதும் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். கேட்காமலே கிடைக்கிறதாம். அப்படியானால் கேட்டும் கிடைக்காதவன் யார்?

அவன் வேகத்தைக் கூட்டினான். நானூறாம் படியில் நிற்பதை விட்டான். தண்ணீர் குடிப்பதை விட்டான். சங்கிலியோடு சேர்ந்து ஏறுவதையும் விட்டான். இருபது இறகு வந்த அன்று தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தால், சங்கிலி முண்டாசில் இருபத்து மூன்று. பேச்சி ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து நீட்டினாள். "அண்ணே, அவுக இன்னைக்கு ஏழு சுமை ஏறுனாக. சாப்புடுங்க."

தன் கூடப்பிறந்தவள் ஆசையாகக் கொடுத்த பாயசம். ஒச்சப்பனுக்கு அது பெருமையடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பல் கூசுகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவன் மனைவி ராக்கு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்கு எப்பய்யா பல்லு கூசிச்சு?" என்றாள் பேச்சி போன பிறகு.

"ஒனக்கு என்ன தெரியும்? அவன் உச்சியில எவனையோ பிடிச்சு வச்சிருக்கான். இல்லாட்டி இப்பிடி எறகு விழுமா?"

"ஒங்களவிட அவரு வேகமா ஏறுறாரோ என்னமோ."

இதற்குப் பிறகு ஒச்சப்பன் இரண்டு நாள் ராக்குவோடு பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் உத்தமப் பங்காளித் திட்டம் வந்தது. சக பங்காளியின் குறையைத் திரையின் காதில் போடுகிறவனுக்கு இரண்டு இறகு. அதற்காகத் திரையின் ஓரத்தில் வாய் வைக்கும் அளவுக்கு ஒரு கிழிசல் விட்டிருந்தார்கள். பங்காளிகளுக்கிடையே நேர்மையை வளர்ப்பதே நோக்கம் என்று முரசறைந்து சொன்னார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் ஒச்சப்பன் இறங்கிக்கொண்டிருந்தான். சங்கிலி நானூறாம் படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வலது முழங்காலை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி உப்பியிருந்தது. கூடைத் துணிக்கு மேல் ஆவி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கை குடுங்க மச்சான். எந்திரிச்சுட்டா ஏறிருவேன்."

ஒச்சப்பன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கூடையையும் தலையில் ஏற்றிவிட்டான். பிறகு கீழே போய், திரையின் கிழிசலில் வாயை வைத்து, "சங்கிலி சுமைய எறக்கி வச்சு ஒக்காந்துட்டான்," என்று சொன்னான்.

சொல்லும்போது நாக்கு இனித்தது. இரண்டு இறகுகள் கிழிசல் வழியாக வந்தன.

மறுநாளிலிருந்து திரை சங்கிலியைக் கூப்பிடவில்லை. சங்கிலி தினமும் போய் வெயிலில் நின்றான். மற்ற எல்லோர் பெயரும் வரும், அவன் பெயர் வராது. ஒச்சப்பன் பெயர் இப்போது முதலாவதாக வந்தது. நாலைந்து நாள் அவனுக்கு எல்லாமே ருசித்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பு தாளிக்கும் சத்தம் நின்றுபோனது. அவன் காது அதையே தேடிற்று.

ஆறாம் நாள் பேச்சி வந்தாள். கையில் கிண்ணம் இல்லை.

"அண்ணே, அவுக பேரு வரவே மாட்டேங்குது. ஒங்களத்தான திரை நெறையக் கூப்புடுது? நீங்க ஒரு வார்த்த போய்க் கேக்கக் கூடாதா?"

ஒச்சப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கேக்குறேன்மா," என்றான்.

"நான் எம்பேரையும் எழுதிக் குடுத்திருக்கேன். நாளையிலருந்து நானும் சுமக்கப் போறேன். அதுக்குள்ள நீங்க கேட்டுப் பாருங்க."

ஒச்சப்பன் எண்ணூறு படியேறிக் குறைதீர் மண்டபத்துக்குப் போனான். அங்கே நயவுரையார் வாயில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்.

"எஜமான், சங்கிலின்னு ஒருத்தன். அவன வேலைய விட்டு நீக்கிட்டாக."

"நீக்குவதா?" அமைச்சர் அதிர்ந்தார். "வேலையே இல்லாதவரை எப்படி நீக்குவது? அவர் பங்காளி."

"திரை அவனக் கூப்புட மாட்டேங்குது எஜமான்."

"கூப்பிடாமல் இருப்பது வேறு, நீக்குவது வேறு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்காக என்னை நீக்கிவிட்டீர்கள் என்று நான் சொல்கிறேனா?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன் எஜமான். அவன் காலு வீங்கியிருந்துச்சு. அதான் ஒக்காந்தான். நான் சொன்னத அழிச்சிருங்க."

அமைச்சர் முகம் மலர்ந்தது. "ஓ, அந்த உத்தமப் பங்காளி நீர்தானா! உம்மைப் போன்றவர்களால்தான் நாடு வாழ்கிறது. திரைக்குச் சொன்னது சொன்னதுதான். அதற்குக் காது உண்டு, மறதி கிடையாது. போய் வாரும்."

ஒச்சப்பன் இறங்கினான். முதல் படிக்கு வந்தபோது மதியச் சுமைகள் எல்லாம் போய் அடிவாரம் வெறிச்சென்றிருந்தது. திரை காற்றில் லேசாக ஆடியது. இத்தனை மாதத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்று அப்போது அவனுக்குத் தோன்றியது. அது வெறும் துணி. அவன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே ஒரு முக்காலியில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமான மனிதர். மடியில் ஒரு பெரிய ஏடு, கையில் குரலைப் பெருக்கும் பித்தளைக் குழல். அவர் தலையிலும் இரண்டு இறகு செருகியிருந்தது.

"ஐயையோ, வெளிய போங்க! யாராவது பாத்தா எனக்கு ஒரு எறகு போயிரும்," என்று பதறினார்.

"நீங்களும் பங்காளியா?"

"பின்னே? தப்பாப் பேரு கூப்பிட்டா எனக்கும் புடுங்குவாங்க. பின் பக்கமா இன்னொரு திரை இருக்கு, பாருங்க. அங்கருந்து எனக்குச் சொல்றாங்க. யாருன்னு நான் பார்த்ததில்ல."

"சங்கிலி பேர அதுல எழுதுங்க. அவனுக்குத்தான நீங்க அள்ளி அள்ளிக் குடுத்தீக?"

எழுத்தர் ஏட்டைத் திருப்பிக் காட்டி, விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது. ஒச்சப்பன் பெயருக்குப் பக்கத்தில் சங்கிலி என்று எழுதி, புதிதாக அடித்திருந்தது.

"அவருக்கு ஒண்ணும் அள்ளிக் குடுக்கல. அவருக்கு ஒரு எறகு கூடுதலா விழுந்தா நீங்க எங்கயும் நிக்காம ஏறுறீங்க. உங்களுக்கு விழுற அன்னைக்கு அவரு நிக்காம ஏறுறாரு. ரெண்டு பேருக்கும் மாறி மாறிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். அவரு காலு போனதும் பேர அடிக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் இப்படித்தான். ஒவ்வொருத்தருக்கும் யாரப் பாத்தா வயிறு எரியும்னு கண்டுபிடிச்சு எழுதியிருக்கு."

அடித்த பெயருக்குக் கீழே மை காயாமல் வேறொரு பெயர் இருந்தது. ஒச்சப்பனுக்குப் படிக்கத் தெரியாது. "இது யாரு?"

"புதுசாச் சேர்ந்த அம்மா. பேச்சின்னு பேரு. நாளையிலருந்து உங்க பக்கத்துல அவங்க."

ஒச்சப்பன் திரைக்கு வெளியே வந்தான். பிறகு நேராகச் சங்கிலி வீட்டுக்குப் போனான். சங்கிலி முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். பேச்சி பழைய கூடை ஒன்றுக்கு நார் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, ஒன்னப் பத்தித் திரைக்கிட்டச் சொன்னது நாந்தான்," என்றான் ஒச்சப்பன்.

சங்கிலி ஒத்தடத் துணியைக் கீழே வைத்தான்.

"நானும் போனேன் மச்சான்," என்றான். "ஒங்களுக்கு முன்னாடியே. ரெண்டு தடவ. நீங்க சோத்துக் கூடையில கைய வச்சதாப் பொய் சொன்னேன்."

"பொய்யா?"

"உண்மையாச் சொல்ல ஒங்கிட்ட ஒண்ணும் கெடைக்கலயே."

சங்கிலி அதுவரை தன் மச்சானை ஒருமையில் அழைத்ததில்லை. ஒச்சப்பன் ஏட்டில் கண்டதை எல்லாம் சொன்னான். பேச்சியின் பெயரையும் சொன்னான்.

பேச்சி கூடையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள்.

"நல்லா இருக்குய்யா ஒங்க லட்சணம்! ஒருத்தன் எம் புருசன், ஒருத்தன் எங்கூடப் பொறந்தவன். நடுவுல நான் பாயசம் வச்சுக்கிட்டு அலஞ்சிருக்கேன்!" பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எம்பேர எழுதட்டும். நான் ஏறுனாத்தான?"

மறுநாள் காலை திரை முதலில் பேச்சியைக் கூப்பிட்டு, புதியவள் என்று ஓர் இறகும் கொடுத்தது. அவள் சுமையை வாங்கிக்கொண்டு நானூறு படி ஏறினாள். அங்கே கூடையை இறக்கி, படியின் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்த ஒச்சப்பன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சங்கிலி வெறுங்கையோடு நொண்டி நொண்டி வந்து மறுபக்கம் உட்கார்ந்தான்.

"வழிய விடும்மா, ஆவி போகுது!" என்று கத்தினான் அடுத்து வந்தவன்.

"போவட்டும். ஒம் பேருக்குப் பக்கத்துல யாரு பேரு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

ஒச்சப்பன் ஏட்டைப் பற்றிச் சொன்னான். அந்த ஆள் ஏட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னால் ஏறிவந்துகொண்டிருந்த தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அறுநூறு பேரில் ஒருவர்கூட யார் பெயர் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதியத்துக்குள் நானூறாம் படியிலிருந்து முதல் படிவரை ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் யாராவது யாரிடமாவது எதையாவது ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாலைந்து இடங்களில் அடிதடி நடந்தது. ஆனால் அடித்தவனும் எழுந்து மேலே போகவில்லை.

மூன்றாம் நாள் முரசறைபவன் வந்து அரசின் விளக்கத்தைப் படித்தான். "வேலைநிறுத்தம் என்பது வேலையாட்கள் செய்வது. இந்நாட்டில் வேலையாட்களே இல்லை. ஆகவே வேலைநிறுத்தம் எதுவும் நடைபெறவில்லை."

ஆறாம் நாள் இன்னோர் அறிவிப்பு வந்தது. நாட்டு நலன் கருதி மகாராஜா உன்னதசீலர் தாமாகவே உண்ணா நோன்பு மேற்கொண்டிருப்பதாகவும், உச்சிவாழ் பெருமக்கள் அனைவரும் தாமாகவே அதில் கலந்துகொண்டிருப்பதாகவும் அது சொன்னது.

ஒன்பதாம் நாள் நயவுரையார் இறங்கி வந்தார். பல்லக்குத் தூக்குபவர்களும் பங்காளிகள் என்பதால் நடந்து வந்தார். நாக்கு வறண்டிருந்தது.

"பங்காளிகளே! மகாராஜா ஒரு கூடைச் சோறு கேட்கிறார். ஒன்றே ஒன்று."

கீழே அடுப்புகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள். பேச்சி சூடாக ஒரு கூடையை வரவழைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பங்காளின்னு நீங்கதான சொன்னீக? நாங்க நானூறு படி கொண்டாந்துட்டோம். மிச்சம் ஒங்க பங்கு."

அமைச்சர் நாலா பக்கமும் பார்த்தார். உதவிக்கு யாரும் எழவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். குழம்பு காதோரம் வழிந்தது. அவர் உச்சி சேர்ந்தபோது சோறு ஆறிச் சில்லிட்டிருக்க வேண்டும். ஆனாலும் மாளிகைகளின் மாடங்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பேரமைச்சரே சுமக்கிறார், என்ன எளிமை, என்ன தியாகம் என்று வியந்தார்கள். நாலா பக்கமிருந்தும் அவர்மேல் இறகுகளைத் தூவினார்கள். ஒரே ஒரு பாதிச் சுமைக்கு நூறு இறகாவது விழுந்திருக்கும்.

நானூறாம் படியில் அமர்ந்திருந்த ஒச்சப்பன் அதைப் பார்த்தான். பழகிய அந்த எரிச்சல் நெஞ்சுக்குழியில் கிளம்பிற்று. சங்கிலியைத் திரும்பிப் பார்த்தான். சங்கிலியும் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரியுதா மாப்ள?"

"எரியுது மச்சான்."

"எனக்கும்."

பேச்சி கொண்டையிலிருந்த ஒற்றை இறகைப் பிடுங்கிக் கீழே போட்டாள். கீழ்ப் படியில் ஒருவன் அதைப் பார்த்துத் தன் முண்டாசை அவிழ்த்தான். அவனுக்குக் கீழே இன்னொருவன். முதல் படியில் திரை விலகியது. எலும்பும் தோலுமான எழுத்தர் வெளியே வந்து, வெயில் பழக்கமில்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரண்மனையில் சபை அவசரமாகக் கூடியது. நெல் மூட்டையைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். அந்த யோசனை சிரிப்பினிடையே தள்ளப்பட்டது. நெடுநேரம் விவாதித்து ஒரே ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அன்று மாலையே முரசறைபவன் ஓலையோடு வந்து, பேச்சிக்குப் பத்துப் படி மேலே நின்று உரத்த குரலில் படித்தான்.

"பங்காளிகளின் கழுத்து நலனில் மகாராஜா கொண்டுள்ள அளவற்ற அக்கறையினால், படிகளில் இருப்போர் பக்கத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். மேல்நோக்கிப் பார்ப்பது இன்றுமுதல் தடைசெய்யப்படுகிறது."

படித்து முடித்து ஓலையைச் சுருட்டிக்கொண்டு அவன் குனிந்து பார்த்தான். நானூறு படிகளிலும் இருந்த அறுநூறு பேரும் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.